முதல் சர்விஸ்

2025ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பதினான்காம் திகதி, செவ்வாய்க்கிழமை, அதிகாலை ஐந்து மணி. இரவு முழுதும் இடித்துப் பெய்த மழை ஓய்ந்திருந்தது. கல்தென்னைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டிநின்ற மேற்பிரிவு லயத்தின் தகரக் கூரை மட்டும், மழை நின்ற செய்தி தனக்கு இன்னும் எட்டவில்லை என்பதுபோல விளிம்பு நெடுகச் சொட்டிக்கொண்டிருந்தது. மூடுபனி தேயிலைச் செடிகளின் தலைமட்டத்தில் நின்றது.

சதீஸ்குமார் மோட்டார் சைக்கிளின் சாவியைத் திருப்பினான். மீட்டரில் செம்மஞ்சள் விளக்கு எரிந்தது. அது எரிவதும், இஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைவதும் இயல்பு. ஆனால் ஜூன் மாதத்திலிருந்து, அது அணைவதைக் கண்ணால் பார்க்காமல் அவன் வண்டியில் ஏறுவதில்லை. இஞ்சினை ஓடவிட்டு, பரீட்சை முடிவு பார்க்க வந்தவனைப்போலக் கைகட்டி நின்றான். விளக்கு அணைந்தது. இருக்கையின் இரு பக்கமும் தொங்கிய இரும்புத் தாங்கிகளில் பால் கேன்களை ஏற்றினான்.

அவன் மனைவி தினுஷா, சுடுநீரில் கழுவிய கேன் மூடிகளைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"சனிக்கெழமயோட வாரண்டி முடியுது," என்றான் சதீஸ்குமார். "நீதான் சைன் வைக்கணும்."

"தெரியும்."

"தெரியும் தெரியும்னு ஒரு வாரமாச் சொல்லிட்டே இருக்க."

"நீங்களும்தான் ஒரு வாரமாச் சொல்லிட்டே இருக்கீங்க. போயிட்டு வாங்க, பால் காத்துட்டு இருக்கும்."

பால் காத்திருக்காது என்பதுதான் அவன் தொழிலின் முழுச் சிக்கலும். தோட்டத்தில் மாடு வைத்திருக்கும் வீடுகளுக்கெல்லாம் விடியுமுன் போய், ஒவ்வொரு வாளியிலும் பால்மானியை விட்டுப் பார்த்து, துணியில் வடித்துக் கேனில் ஊற்றிக்கொண்டு, எட்டு மணிக்குள் பெரிய ரோட்டிலுள்ள குளிரூட்டும் நிலையத்தில் சேர்க்க வேண்டும். ஜூன் மாத மழையில் ஒரு நாள் பக்டரி வளைவில் வண்டி நின்றுவிட்டது. கேன் இரண்டும் நிறைந்திருந்ததால் தள்ளவும் முடியவில்லை. ஓட்டோ ஒன்று கிடைத்து நிலையத்தை அடைந்தபோது பால் திரிந்திருந்தது. அன்றைய நட்டத்தைவிட அதற்கு மறுநாள் நடந்ததே அவனை வருத்தியது. மூன்று வீட்டார் வாளியோடு வெளியே வரவில்லை. கீழ்ப்பிரிவுப் பால்காரனுக்கு மாறிவிட்டார்கள். கோபத்தோடு மாறியிருந்தால் பேசிச் சரிக்கட்டியிருப்பான். அவர்கள் சிரித்துக்கொண்டு மாறினார்கள்.

ஆகவே அவனுக்கு வாரண்டி வேண்டும். கம்பனி கொடுத்த இரண்டு ஆண்டு உத்தரவாதம் சனிக்கிழமை முடிகிறது. அதற்குள் பணம் கட்டி ஒப்பமிட்டால் இன்னும் இரண்டு ஆண்டுக்கு நீட்டித் தருவார்கள். மிளகு விற்ற காசு கையில் இருந்தது. தடை காசு அல்ல.

ஒப்பம் தினுஷாவினுடையதாக இருக்க வேண்டியதற்குக் காரணம், வண்டி வாங்க மாதர் சங்கம் பெண்களுக்கு மட்டுமே கடன் கொடுத்ததுதான். வண்டியின் புத்தகத்தில் உரிமையாளர் அவள். ஒரு நாளும் அதன் முன்னிருக்கையில் உட்கார்ந்தவளல்லள். மலையில் கொழுந்தெடுக்கும் பெண்கள், வண்டி தூரத்தில் போகும்போதெல்லாம், "முதலாளியம்மா, உங்க டிரைவர் போறாரு," என்பார்கள். சங்கத்துத் தாள்கள் எத்தனையோ வந்தன. காட்டிய இடத்தில் ஒப்பமிட்டாள். இந்தத் தாள் ஒன்றுதான் ஒரு வாரமாகச் சுவாமிப் படத்தட்டில், திருநீற்றுக் கிண்ணத்தின் கீழ் ஒப்பமின்றிக் கிடந்தது.

அவள் தயங்கியது அண்ணன் ரமேஸுக்காக.

ரமேஸ் பலாபத்வலயில் சிறிய கராஜ் வைத்திருப்பவன். பொருளாதாரம் சரிந்து, பெட்ரோலுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற ஆண்டில் தினுஷாவின் மகள் ஹம்சிகாவுக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் பிள்ளையை இருத்திக் குத்தினார்கள். ஆனால் தாய்மாமன் போட வேண்டிய தங்கத் தோட்டை ரமேஸால் போட முடியவில்லை. வண்டிகளே ஓடாத ஆண்டில் வண்டி திருத்துகிறவன் எங்கே போவான்? யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததை அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

மறு ஆண்டு இந்த மோட்டார் சைக்கிள் வந்தது. மாரியம்மன் கோயில் வாசலில் மாலை போட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை முடிந்ததும், ரமேஸ் தேங்காயை உடைத்துவிட்டுக் கூடியிருந்தவர்களுக்குக் கேட்கும்படி சொன்னான்: இந்த வண்டி ஓடுகிற காலம் மட்டும் இதன் வேலை முழுவதும் தன்னுடையது. இது தாய்மாமன் சீர். முதல் சர்விஸ் வரும் நாளில், ஒயில் டின்னைத் தாம்பாளத் தட்டில் வெற்றிலை பாக்கோடும் மஞ்சள் குங்குமத்தோடும் வைத்து, அதைத் தலையில் சுமந்துகொண்டு லயத்துக்கு வந்தான். முற்றத்தில் பாய் விரித்து அதன்மேல் வண்டியை நிறுத்தி வேலை செய்தான். பார்த்தவர்கள் எல்லோருக்கும் பாயசம் கிடைத்தது. முதல் சர்விஸைக் கம்பனியில் செய்து முத்திரை பெறாவிட்டால் உத்தரவாதம் ஊனப்படும் என்பது அந்தப் பாயசத்தைக் குடித்த ஒருவருக்கும் தெரியவில்லை.

பிறகு மாத்தளைக் காட்சியறையிலிருந்து ஹஸீப் என்ற அலுவலர் தொலைபேசியில் விசாரித்தார். முதல் சர்விஸ் முற்றத்தில் நடந்துவிட்டதை அறிந்தார். எஞ்சிய இலவசக் கூப்பன்களையாவது தவறவிடாமல் கொண்டுவரச் சொன்னார். ரமேஸும், சும்மா கொடுப்பதை ஏன் விடுவான் என்று ஒப்புக்கொண்டான். கூப்பன்கள் தீரட்டும், அதுவரைக்கும் செயின், பிரேக், கிளச் கேபிள் தன்னுடையவை, தீர்ந்த பிறகு வண்டி முழுவதும் தன்னுடையது என்பது ஏற்பாடு. அந்தக் கூப்பன்கள் இப்போது தீர்ந்துவிட்டன. நீட்டிப்பு வாங்கினால் இனிவரும் ஒவ்வொரு சர்விஸையும் காசு கொடுத்துக் கம்பனியில்தான் செய்ய வேண்டும். சீராகக் கிடைப்பதை விட்டுவிட்டுக் கடையில் வாங்குவது, சீரைத் திருப்பிக் கொடுப்பது. தோட்டத்தில் அதற்கு வேறு பொருள் இல்லை. சீரைத் திருப்பியவர்களும் கொடுத்தவர்களும் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் வராமல் இரண்டு தலைமுறை இருந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை சதீஸ்குமார், கோதுமை ரொட்டியைக் கட்டசம்பலில் தொட்டுத் தின்றுகொண்டே தன் வழக்கை எடுத்துரைத்தான். ஜூன் மாதம் வண்டி நின்றபோது மச்சான் ரமேஸே, கம்பனிக்கு அனுப்பாமல், கழற்றிப் பார்த்து, ஈரம் இறங்கியிருக்கிறது என்றார். ஈரம் இங்கே எந்த மாதம்தான் இறங்கவில்லை? பால் கொடுக்கிறவர்களிடம் மச்சானின் மனசு நோகும் என்று சொல்லமுடியுமா? அவன் குரலை உயர்த்தவில்லை. நியாயம் தன் பக்கம் இருப்பதை அறிந்தவன் உயர்த்த மாட்டான் என்பதும் தினுஷாவுக்குத் தெரியும்.

அவள் தட்டிலிருந்து தாளை எடுத்து விளக்கடியில் வைத்து வாசித்தாள். மூன்று மொழியிலும் இருந்தது. இரண்டாம் பக்கத்தின் அடியில், முத்திரையற்ற சர்விஸ் இருந்தால் மட்டும் ஒப்பமிட வேண்டிய தனி வாக்கியம் ஒன்று இருந்தது. ஹஸீப் அதற்குப் பக்கத்தில் பென்சிலால் சிறிய புள்ளடி இட்டிருந்தார். அவள் அதை வாய்விட்டு வாசித்தாள்: "மேற்படி சேவையானது தகுதியற்ற நபரொருவரால் மேற்கொள்ளப்பட்டது என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறேன்."

"யாரு தகுதியற்ற நபரு?"

"அது அவங்க அச்சடிச்சு வச்சிருக்கிறது. எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"எல்லாரும் சைன் வைக்கல. நான் வைக்கணும்."

சதீஸ்குமார் இன்னொரு ரொட்டியைப் பிய்த்தான்.

வியாழக்கிழமை தினுஷா மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகவில்லை. ஒரு நாள் பேரும் அதன் கூலியும் போயின. பஸ் ஏறிப் பலாபத்வலக்குப் போனாள். ரோட்டின் இருபுறமும் வாசனைத் தோட்டங்களின் வாசலில் சுற்றுலாப் பயணிகளின் பஸ்கள் நின்றன. ஏலம் எது, சாதிக்காய் எது என்று வெள்ளைக்காரர்களுக்கு மோந்து பார்க்கக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவற்றுக்கு அடுத்து, கறுவாப்பட்டை மணம் தீர்ந்து ஒயில் மணம் தொடங்கும் இடத்தில் ரமேஸின் கராஜ்.

ரமேஸ் ஓர் ஓட்டோவின் அடியிலிருந்து வெளியே வந்தான். மண்ணெண்ணெயிலும் பிறகு சவர்க்காரத் தூளிலும் கை கழுவினான். எதிர்க்கடையில் பால் கலக்காத பிளேன்டி இரண்டுக்கும் பணிசு ரொட்டி ஒன்றுக்கும் சொன்னான். மாடு எப்படி, ஹம்சிகா எந்த வகுப்பு, மேற்பிரிவில் மண் சரிந்ததா என்று வரிசையாகக் கேட்டான். எல்லாவற்றுக்கும் அவள் பதில் சொன்னாள்.

"நாளன்னிக்கி முடியுது, இல்லியா?" என்றான் ரமேஸ்.

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தேங்கா ஒடச்சவனுக்குத் தேதி மறக்குமா? மச்சான் வாங்கணும்ங்கிறாரா?"

"ஆமா."

"நீ?"

"எனக்கு என்னாண்ணே தெரியும். ஒங்ககிட்டக் கேக்கலாம்னுதான் வந்தேன்."

ரமேஸ் சிரித்தான். "மீன்காரன்கிட்ட வந்து, இன்னக்கி மரக்கறி சமைக்கலாமான்னு கேக்குற."

"அண்ணன்கிட்டக் கேக்கல. வேற ஒருத்தி பைக்கக் கொண்டாந்து நிப்பாட்டியிருக்கா. பால் ஏத்துற பைக்கு. அவ கேட்டா என்னா சொல்லுவீங்க?"

ரமேஸ் எழுந்து போய் வானொலியை நிறுத்தினான். கராஜில் ஒரு வாடிக்கையாளரின் மோட்டார் சைக்கிள் இருக்கை கழற்றப்பட்டு நின்றது. அதனருகே தங்கையை அழைத்து, உள்ளே தீப்பெட்டிகள் இரண்டைச் சேர்த்து வைத்த அளவில் இருந்த கறுப்புப் பெட்டியைக் காட்டினான்.

"இஞ்சின நான் கண்ண மூடிக்கிட்டு எறக்கி ஏத்துவேன். அதுல எவனும் எனக்கு ஒண்ணும் சொல்லித்தர ஏலாது. ஆனா புது பைக்குல எல்லாம் இந்தப் பெட்டி இருக்கு. பெட்ரோல் எவ்வளவு, நெருப்பு எப்ப, எல்லாம் இதுதான் சொல்லும். இது கெட்டா என்னா கெட்டுச்சின்னு பாக்க ஒரு மிசின் வேணும். அது கம்பனியில இருக்கு. எங்கிட்ட இல்ல."

"ஜூன் மாசம் நின்னுச்சே."

"அதத்தான் சொல்ல வாறேன்." அவன் இருக்கையை எடுத்து அதன் இடத்தில் பொருத்தினான். "எதனால நின்னுச்சின்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியாது. எல்லாத்தையும் கழட்டித் தொடச்சிப் பூட்டுனேன், ஓடுச்சி. மச்சான் மொகத்தப் பாத்தேன். ஏதாச்சும் சொல்லணுமே. ஈரம்னேன்."

தினுஷா பிளேன்டிக் கிளாசைக் கீழே வைத்தாள்.

"வேற ஒருத்தியா இருந்தா?"

"வாங்கும்மா, யோசிக்காதன்னு சொல்லியிருப்பேன்."

"அப்ப நீங்க குடுத்த சீரு?"

"அதுதான்." ரமேஸ் வாசலுக்கு அப்பால் போகும் லொறிகளைப் பார்த்தான். "தோடு போட முடியாம இதக் குடுத்தேன். கோயில் வாசல்ல, அத்தன பேரு முன்னாடி. இப்ப பைக்கு மாத்தளைக்குப் போனா, தாய்மாமன் குடுத்தது என்னா ஆச்சின்னு நாலு பேரு கேப்பாங்க. கேட்டுட்டுப் போகட்டும். திரிஞ்ச பாலுக்கு நான் சீரு குடுக்க ஏலாதுதானே."

அவள் கைப்பையிலிருந்து தாளை எடுத்தாள். மறைத்துவிட்டு ஒப்பமிட அவளால் முடியாது என்பதை வரும் வழியிலேயே முடிவு செய்திருந்தாள். புள்ளடியிட்ட வாக்கியத்தைக் காட்டினாள். ரமேஸ் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு, தாளைத் தொடாமல், அவள் பிடித்திருக்கக் குனிந்து வாசித்தான். இரண்டாவது முறையும் வாசித்தான் என்பது அவன் கண்கள் மீண்டும் இடப்பக்கம் போனதில் தெரிந்தது.

"வச்சிக் குடு," என்றான்.

"இதுலயா?"

"எங்கிட்ட சேட்டிபிகட் இல்லதானே. பேப்பர்ல நான் யாரா இருந்தா என்னா? பைக்கு ஓடணும்."

"தீவாளிக்கு அண்ணியயும் புள்ளைகளயும் கூட்டிட்டு வருவீங்கதானே?"

"பாப்போம்."

ரமேஸ் "பாப்போம்" என்று சொன்ன எந்த இடத்துக்கும் போனதில்லை. தினுஷாவுக்கு அது பால்குடி மறந்த நாளிலிருந்து தெரியும். பணிசைச் சுற்றி ஹம்சிகாவுக்கென்று அவள் பையில் வைத்துவிட்டு, அவன் ஓட்டோவின் அடியில் மறுபடி நுழைந்தான். வானொலி நிறுத்தியபடியே இருந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம், மாட்டுக்கு வெட்டிய புல்லுக்கட்டை இருவரும் சேர்ந்து இறக்கும்போது, அண்ணன் சொன்னதை அவள் ஒன்றும் விடாமல் கணவனுக்குச் சொன்னாள். சதீஸ்குமார் புல்லுக்கட்டின் கயிற்றை அவிழ்க்காமல் வெகு நேரம் கையில் வைத்திருந்தான்.

"தெரியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா நான் கோவிச்சிருப்பேன்," என்றான் கடைசியில். "இப்ப கோவம் வரல." பிறகு, மச்சானே வாங்கச் சொல்லிவிட்டபடியால் இனி ஒரு தடையும் இல்லை, நாளைக் காலை பால் இறக்கியதும் நேரே மாத்தளைக்குப் போகலாம் என்றான்.

"வாரண்டிக்குத் தடையில்ல."

"வேற எதுக்கு?"

"அந்த ஒரு வரிக்கு."

சதீஸ்குமார் பொறுமையாக விளக்கினான். அந்த வரியை யாரும் வாசிக்கப் போவதில்லை. அது கொழும்பில் ஏதோ ஓர் அலுமாரிக்குள் போய்ச் சேரும். மச்சானே போடச் சொன்ன பிறகு அவள் எதற்காகச் சுமக்க வேண்டும்?

"அவரு போடச் சொன்னாரு. அதுதான் போட முடியல," என்றாள் தினுஷா. "அவரு தகுதியில்லாதவருன்னா, ரெண்டு வருசமா அவரு பூட்டுன பிரேக்க நம்பி மலையில எறங்குன நீங்க யாரு? பின்னால புள்ளயத் தூக்கி வச்சிட்டு ஒக்காந்த நான் யாரு?"

மாடு பொறுமையிழந்து புல்லுக்கட்டைத் தன் பக்கம் இழுத்தது.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு மாத்தளை வெயிலில் இருந்தது. தீபாவளிக்கு இரண்டு நாளே இருந்ததால் துணிக்கடைகள் நடைபாதைவரை வந்திருந்தன. காட்சியறை வாசலில் வண்டியை நிறுத்தி, காலிக் கேன்கள் உருளாதபடி சதீஸ்குமார் இறுகக் கட்டினான். ஹஸீப் வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். பால் தாங்கிகளின் அருகே குனிந்து, அவை சட்டத்தோடு ஒட்டுவைக்கப்பட்டுள்ளனவா என்று விரலால் தடவினார். ஒட்டில்லை, கிளிப்பும் போல்ட்டும்.

"ஆரு செஞ்ச வேல இது?"

"இவ அண்ணன்," என்றான் சதீஸ்குமார்.

"நல்லா செஞ்சீக்கிறாரு. வெல்டிங் வச்சிருந்தா நான் தாளையே எடுக்க ஏலாம போயிருக்கும்."

உள்ளே மின்விசிறிக்குக் கீழே மூவரும் உட்கார்ந்தார்கள். ஹஸீப் பணத்தை வாங்கி ரசீதைத் தயாராக வைத்தார். தினுஷாவின் அடையாள அட்டை இலக்கத்தை எழுதிக்கொண்டார். எங்கெங்கே ஒப்பம் என்று பேனாவால் காட்டினார். முதற்பக்கத்தில் அவள் ஒப்பமிட்டாள். இரண்டாம் பக்கத்தில் மேலே ஒப்பமிட்டாள். அடிவாக்கியத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி, அளவுகோல் இருக்கிறதா என்று கேட்டாள். ஹஸீப் மேசை லாச்சியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

அவள் அளவுகோலை அந்த வாக்கியத்தின்மேல் வைத்து, ஒரே கோடாக, உள்ளே இருக்கும் எழுத்துத் தெரியும்படி வெட்டினாள். அதற்குக் கீழிருந்த வெற்றிடத்தில், பள்ளிக்கூடத்தில் எழுதப் பழகிய அதே வட்டமான எழுத்தில் எழுதினாள்: "முதல் சர்விஸை எனது அண்ணன் ரமேஸ் செய்தார். அவர் பலாபத்வலயில் கராஜ் வைத்திருக்கிறார். கம்பனியில் செய்யவேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது." அதன் கீழ்ப் பெயரை முழுமையாக எழுதி ஒப்பமிட்டாள்.

சதீஸ்குமார் எட்டிப் பார்த்தான். அவன் கண் ரசீதுப் பக்கம் போய்த் திரும்பியது. வாயைத் திறந்தான். பிறகு தலைக்கவசத்தை ஒரு தொடையிலிருந்து மறு தொடைக்கு மாற்றினான்.

"தங்கச்சி," என்றார் ஹஸீப், "எனக்கு இதில ஒண்டும் இல்ல. கொழும்புல செல்லுவாங்க, அச்சடிச்ச வசனம்தான் வேணுமெண்டு. திருப்பி அனுப்பினாலும் அனுப்புவாங்க. பொறகு திகதி போயிரும், நான் ஒண்டும் செய்ய ஏலாது. யோசிச்சுச் செல்லுங்க. வேற தாள் ஈக்குது."

"இதுல நான் எழுதுனதுல பொய் ஏதும் இருக்கா, ஹஸீப் நானா?"

ஹஸீப் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மூன்று வாக்கியங்களையும் வாசித்தார்.

"பொய் இல்ல."

"திருப்பி அனுப்புனா," என்று சதீஸ்குமார் தொடங்கினான். இருவரும் அவனைப் பார்த்தார்கள். ஜூன் மாதத்துப் பக்டரி வளைவு அவன் முகத்தில் ஒரு கணம் இருந்தது. "திருப்பி அனுப்புனா காசயும் சேத்துத்தானே அனுப்புவாங்க?"

"அதெல்லாம் அனுப்புவாங்க."

"அப்ப சரி," என்றான் அவன், மனைவியைப் பார்க்காமல்.

தினுஷா மை காயும்வரை தாளின் மேல் ஊதினாள். முதற்பக்கத்தையும் இரண்டாம் பக்கத்தையும் ஓரம் பிசகாமல் சேர்த்தாள். எழுந்து நின்று, பெரியவர்களுக்குக் கொடுக்கும் முறையில், வலக்கையில் தாளும் இடக்கை வலது முழங்கையிலுமாக நீட்டினாள். ஹஸீபும் எழுந்து வாங்கிக்கொண்டார்.